தலைப்பு எழுதாத படம்

றக்வான
14.05.2008

ஆசிரிய ஆலோசகர் (வரலாறு)
கிருஷ்ணகுமாரி அவர்கட்கு,

சென்ற வாரம் இரத்தினபுரியில் நீங்கள் நடத்திய கருத்தரங்குக்கு நானும் வந்திருந்தேன். பின்வரிசையில் இருந்தேன். பார்த்தும் பார்க்காதது போல் இருந்தீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

கடைசியில் கொடுத்த கருத்துத் தாளில் ‘சிறப்பு’, ‘மிகச் சிறப்பு’ என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. என் கருத்து இரண்டிலும் அடங்காததால் இதை எழுதுகிறேன்.

பதினோராம் ஆண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் அமெரிக்க சுதந்திரப் போரைத் தகவலாகச் சொல்லாமல் திறனாக வளர்க்கும்படி சொன்னீர்கள். நல்லது. எங்கள் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்பது அதிபரின் அலுமாரியில் கீழ்த்தட்டு. உலகப்படம் ஒன்று இருக்கிறது. அதில் சோவியத் யூனியன் இன்னும் உயிரோடு இருக்கிறது. கூரை ஒழுகி அட்லாண்டிக் சமுத்திரத்தில் பாதி உரிந்துவிட்டது. இந்தப் படத்தை வைத்துக்கொண்டு, வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்ற ஒருவன், ஐம்பது வயதில், மேசைகளுக்கிடையே நடந்து ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? இண்டவல் எப்போது என்று நினைப்பார்கள்.

எட்டு வருடத்துக்கு முன் உங்களுடைய இந்தப் பதவிக்கு நேர்முகம் நடந்தபோது என்னிடம் யாரும் நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்கவில்லை. உங்கள் மாமாவுக்குத் தொழிற்சங்கத்தில் யார் யாரைத் தெரியும் என்பதை வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருமே நினைத்தார்கள்.

இவ்வளவுதான் என் கருத்து.

இப்படிக்கு,
கா. விஜேந்திரன்


கரவனெல்ல
27.05.2008

விஜேந்திரன் சேர்,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் மூன்று பேர் வாசித்த பிறகுதான் என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இனிமேல் என்னைத் திட்டுவதென்றால் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள். மேலே இருக்கிறது. தொலைபேசி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று இன்னும் பிடிவாதமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். சண்டை நடக்கிற இந்தக் காலத்தில் அதுவும் ஒருவகையில் நல்லதுதான்.

என் மாமா சங்கத்தில் இருந்தவர்தான். எனக்காகப் பேசினாரா என்று நான் கேட்கவில்லை. பேசியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு நேர்முகத்தில் நடுக்கதிரையில் இருந்தவர் சொன்ன ஆண்டு பிழை என்று அவருடைய முகத்துக்கு நேரே திருத்தியது நானில்லை. அவர் சொன்ன ஆண்டு பிழைதான், சேர். நீங்கள் சொன்னதுதான் சரி. அதனால் என்ன கிடைத்தது?

தொண்ணூற்று நான்கிலிருந்து ஐந்து வருடம் நாம் ஒரே பள்ளியில் ஒரே அலுமாரியில் புத்தகம் வைத்தவர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன். ஒரே ஒரு பாடம் செய்து பாருங்கள். பொஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது.

நீங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள் (உங்களுக்கு இதுதான் கஷ்டம்). குழுக்களாக இருந்து பெரிய டிமை பேப்பரில் அந்த இரவை வரையட்டும். ஒரு முக்கியமான விதி. படத்துக்குத் தலைப்பு எழுத விடாதீர்கள். நாடு, ஊர், வருடம் எதுவும் இருக்கக் கூடாது. அதைப் பார்க்கும் அடுத்த குழு, இது யார் வரைந்தது, எங்கே நடந்தது, எப்போது, யாருக்கு லாபம், யாரை இதில் காணோம் என்று தடயத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். தலைப்பைக் கொடுத்துவிட்டால் பிள்ளை தலைப்பைத்தான் வாசிக்கும், படத்தை வாசிக்காது.

எல்லாப் பள்ளிகளுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். சிங்கள மொழிப் பள்ளிகளிலும் இதையே செய்கிறார்கள்.

கிருஷ்ணகுமாரி


றக்வான
03.07.2008

கிருஷ்ணகுமாரி டீச்சர்,

உங்கள் பாடத்தைச் செய்தேன். சரிவராது என்று காட்டுவதற்காகத்தான் செய்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதையைச் சொன்னேன். கம்பனி தேயிலையைக் கப்பலில் கொண்டுவந்தது, வரி கட்ட மாட்டோம் என்று ஊர்க்காரர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு இரவில் கப்பலேறி, பெட்டி பெட்டியாக உடைத்துக் கடலில் கொட்டினார்கள் என்றேன். ஒரு பையன் எழுந்துவிட்டான்.

“தேயிலையவா சேர்?”

“ஆமா.”

“அம்புட்டையுமா? பைத்தியக்காரப் பயலுக.”

இது அமெரிக்க சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி எங்கள் வகுப்பின் முதல் கருத்து. நான் உங்கள் சொற்படி வாயை மூடிக்கொண்டேன். அப்போது மதுஷா என்ற பிள்ளை எழுந்தாள். தோட்டத்தின் மேல் டிவிஷனில் அழகமுத்து, தங்கம்மா என்பவர்களின் மகள். அதிகம் பேசாதவள்.

“சேர், அது யாரு எடுத்த கொழுந்து?”

இலங்கையில் அப்போது தேயிலையே இல்லை, சீனாவில் எடுத்தது என்றேன்.

“கடல்ல கொட்டுனது அந்தப் பொம்பளைங்களுக்குத் தெரியுமா சேர்?”

அப்படி ஒரு சான்றும் இல்லை என்றேன்.

“அப்ப அன்னைக்கு அவங்களுக்கு அரப்பேரா, முழுப்பேரா?”

வகுப்பு சிரித்து உருண்டது. எடுத்த கொழுந்து நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளம் கொடுத்ததைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள். பக்கத்து வகுப்பு ஆசிரியர், இடையில் சுவர் இல்லாததால், எட்டிப் பார்த்து “என்னா விஜேந்திரன் சேர், நாடகமா?” என்று கேட்டார்.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்த நான்கு வருடத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. இது உங்களுக்கான பாராட்டு அல்ல. தகவல்.

மதுஷாவின் குழு வரைந்த படம் மற்றவற்றைவிட நன்றாக இருக்கிறது. துறைமுகம், மூன்று கப்பல், மேலே நிலா. முகத்தில் கரி பூசிய ஆட்கள் ஏணியில் ஏறுகிறார்கள். கரையிலிருந்து கப்பலுக்குச் சிவப்பு அம்புக்குறிகள். ‘காவல் இல்லாத பக்கம்’ என்று ஓரிடத்தில் குறித்திருக்கிறார்கள். காவல் இருந்தால் எப்படி ஏறியிருக்க முடியும் என்று அவர்களாகவே யோசித்தது. வருடம் எழுதக் கூடாது என்றதால் ‘டிசம்பர் 16, இரவு’ என்று மட்டும் எழுதினார்கள். ஒரு தடயமாவது வேண்டாமா என்று வாதாடினார்கள். விட்டுவிட்டேன். மூலையில் முதுகில் கூடையுடன் ஒரு பெண் கடலைப் பார்த்து நிற்கிறாள். அது மதுஷாவின் வேலை.

கா. விஜேந்திரன்


கரவனெல்ல
20.07.2008

விஜேந்திரன் சேர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கூடைக்காரப் பெண்ணை வேறெந்தப் பள்ளியும் வரையவில்லை. ‘யாரை இதில் காணோம்’ என்ற கேள்விக்கு எல்லோரும் இங்கிலாந்து அரசனை எழுதியிருக்கிறார்கள்.

ஒக்டோபர் 30இல் இரத்தினபுரியில் கண்காட்சி வைக்கிறோம். தமிழ், சிங்களப் பள்ளிகள் இரண்டுமே. ஒவ்வொரு பள்ளியின் படத்தையும் தலைப்பில்லாமல் தொங்கவிட்டு, வருகிற பிள்ளைகளைக் கண்டுபிடிக்க விடப்போகிறோம். மதுஷாவின் படத்தை நீங்களே கொண்டுவர வேண்டும். வந்து ஐந்து நிமிடம் பேசுங்கள். கல்விப் பணிப்பாளரும் இருப்பார்.

வருவீர்கள்தானே?

கிருஷ்ணகுமாரி


றக்வான
22.10.2008

கிருஷ்ணகுமாரி டீச்சர்,

நான் வரப்போவதில்லை. பதிலைத் தாமதித்ததற்கு வேறு காரணமில்லை, வருவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு வருடம் கற்பித்தவனுக்கு ஐந்து நிமிடம். அதுவும் அந்தப் பதவியில் இருப்பவர் மேடையிலிருந்து மணி பார்த்துக்கொண்டிருக்க. பணிப்பாளர் முன்னால் கைகட்டி நிற்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது.

படம் வரும். மதுஷாவின் அண்ணன் சுஜன் கொழும்பில் இரும்புக்கடை ஒன்றில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வருகிறவன் 29ஆம் திகதி காலை பஸ்ஸில் திரும்புகிறான். வழியில் இரத்தினபுரியில் இறங்கி உங்கள் அலுவலகத்தில் கொடுத்துவிடுவான். நல்ல பையன். சிங்களம் நன்றாகப் பேசுவான்.

நீங்கள் விரும்பியபடியே தலைப்பு, வருடம் எதுவும் இல்லை.

கா. விஜேந்திரன்


றக்வான
01.11.2008

டீச்சர்,

இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். வீட்டில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சுஜன் உங்களிடம் வந்து சேரவில்லை. 29ஆம் திகதி இரத்தினபுரிப் பாதையில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். சுருட்டி வைத்திருந்த படத்தை விரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். துறைமுகம், கப்பல், அம்புக்குறி, கரி பூசிய முகங்கள், காவல் இல்லாத பக்கம், டிசம்பர் 16. கொழும்பில் வேலை செய்யும் தமிழ்ப் பையன். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அவனைப் பொலிஸில் வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் பதினாறாம் திகதி எந்தத் துறைமுகம் என்று கேட்கிறார்களாம்.

இது வகுப்புப் பாடம்தான் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வேண்டும். உடனே.

விஜேந்திரன்


கரவனெல்ல
05.11.2008

விஜேந்திரன் சேர்,

கண்டக்டர் கொண்டுவந்து தந்தார். அன்றைக்கே பணிப்பாளரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

“டீச்சர், அது தோட்டத்துப் பிரச்சினை. அலுவலகத்தை அதுக்குள்ள இழுக்க வேணாம். நாளைக்கு அந்தப் பையன் உண்மையிலேயே ஏதாவது செஞ்சிருந்தா கடிதத்துல யார்ட கையெழுத்து?”

உங்கட கையெழுத்து வேண்டாம், நான் வைக்கிறேன் என்றேன். ஆலோசகருக்கு அலுவலகக் கடிதத் தாளில் கையெழுத்து வைக்கும் அதிகாரம் இல்லை என்றார். அது உண்மை.

எனக்கு இன்னும் பதினொரு வருடச் சேவை இருக்கிறது. அம்மா கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருக்கிறா. இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தை நீங்களே கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தேன். அரச அடையாள அட்டையும் வெள்ளைச் சட்டையுமாக ஐம்பது வயது ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்திருந்தால் அதை விரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் பேசுவது உங்களுக்குக் குறைச்சலாகப் போய்விட்டது.

கிருஷ்ணகுமாரி


றக்வான
11.11.2008

டீச்சர்,

சரி. நான் கொண்டுவந்திருக்க வேண்டும். இப்போது நான் கேட்கிறேன். படத்தில் பெயர் எழுதக் கூடாது என்று சொன்னது யார்? ‘பொஸ்டன், 1773’ என்று மேலே ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பையன் இன்றைக்கு இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருப்பான். உங்கள் திறன் விருத்திக்கு அவன்தான் கிடைத்தானா?

மன்னிக்கவும். நேற்றுப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்வந்தேன். அந்தக் களைப்பு.

அழகமுத்துவும் வந்தார். வெளியே வேலியோரம் நிறுத்திவிட்டார்கள். பொறுப்பதிகாரி என்னை உட்காரச் சொன்னார், தேநீர்கூடத் தந்தார். படத்தை மேசையில் விரித்தார். நான் கொண்டுபோன பாடநூலைப் புரட்டினேன். அமெரிக்கப் போரைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. துறைமுகப் படம் இல்லை.

“இந்தப் புத்தகத்தில் இந்தப் படம் எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டார்.

பிள்ளைகள் தாங்களாக வரைந்தது என்றேன்.

“ஏன் இதில் பெயர் இல்லை? பாடம் என்றால் பெயர் இருக்கும்தானே?”

பெயர் இல்லாமல் பார்ப்பதுதான் பாடம் என்றேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஒரு தாளை எடுத்து வரிசையாகக் கேட்டார். இதை வரைந்தது யார், எப்போது வரைந்தது, யாருக்காக, இதில் இருப்பவர்கள் யார். உங்கள் கருத்தரங்கில் கொடுத்த கேள்விகள், டீச்சர், ஒன்றுவிடாமல். என் பிள்ளைகளைவிட ஒழுங்காகக் கேட்டார். அவருக்கு வேண்டிய பதில் மட்டும் முதலிலேயே இருந்தது.

கூடைக்காரியில் விரலை வைத்து “மே கவுத?”, இது யார் என்று கேட்டார். சீனாவில் கொழுந்தெடுத்த பெண் என்றேன். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். கப்பலை வேவு பார்க்கும் பெண் என்று அவர்கள் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள்.

தலைப்பு எழுதிய துண்டு ஒன்று என் அலுமாரியில் இருந்தது. விடையைக் காட்டும்போது ஒட்டுவதற்காகப் பிள்ளைகள் எழுதியது. அதையும் கொடுத்தேன். “நேற்று எழுதினதா?” என்றார். அமெரிக்க வரலாறு எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த மேசையைச் சுற்றியிருந்த யாருக்கும் தெரியாது. ஒரு பிரயோசனமும் இல்லை.

அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து சொன்னால் பார்க்கலாம் என்று கடைசியில் சொன்னார். அதிபர் வரமாட்டார். மார்ச்சில் ஓய்வு பெறுகிறாராம்.

அழகமுத்துவோடு பஸ்ஸில் திரும்பி வந்தேன். இறங்கும்போது “சேர், சாப்புட்டுட்டுப் போங்க, தங்கம்மா சமைச்சிருக்கும்” என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். மதுஷா பள்ளிக்கூடம் வருவதில்லை. டிசம்பரில் அவள் பொதுச் சோதனை எழுத வேண்டும்.

உங்களுக்கும் எனக்கும் இருப்பது இருக்கட்டும். அதை நான் மறக்கப் போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். ஆனால் அந்த நிலையத்தில் போய் நிற்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

விஜேந்திரன்


கரவனெல்ல
02.12.2008

விஜேந்திரன் சேர்,

சுஜன் வீட்டுக்கு வந்துவிட்டதாகத் தங்கம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பினா. என்ன நடந்தது என்று உங்களுக்கு யாராவது ஒருவிதமாகச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

கடிதம் இல்லாமல்தான் போனேன். கண்காட்சி முடிந்து எல்லாப் படங்களையும் அலுவலகத்தில் ஓர் அலுமாரியில் வைத்திருந்தோம். சாவி சிங்கள மொழி ஆலோசகரின் மேசையில் இருக்கும். அவர் என் கையில் சாவியைத் தந்துவிட்டு, “நான் இண்டைக்கு லீவு, டீச்சர், ஞாபகம் இருக்கட்டும்” என்றார். அவர் லீவில் இல்லை. ஒரு கட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் என்னையும் சோதித்தார்கள். சேலை கட்டிய டீச்சர் என்பதால் விரிக்கச் சொல்லவில்லை.

பொறுப்பதிகாரியிடம் முதலில் எதுவும் சொல்லவில்லை. சிங்களப் பள்ளிகளின் படங்களை மட்டும் எடுத்து மேசையில் ஒவ்வொன்றாக வைத்தேன். இரத்தினபுரியில் பேர்போன பள்ளி ஒன்றின் படம் முதலில். கப்பல், நிலா, கரி பூசிய முகங்கள், எல்லாம் அதிலும். கோடரிகூட வரைந்திருந்தார்கள். பெயரும் இல்லை, வருடமும் இல்லை.

“ஹரி லஸ்ஸனய்” என்றார். மிக அழகாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். எந்த வகுப்பு, பரிசு கிடைத்ததா என்றெல்லாம் கேட்டார். அவருடைய சின்ன மகளும் சித்திரம் நன்றாக வரைவாளாம்.

எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, அவருடைய கோப்பில் இருக்கும் படத்தையும் பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேட்டேன். அவரே எடுத்து வைத்தார்.

பிறகு சிரிக்கவில்லை. நானும் ஒன்றும் பேசவில்லை. உங்களுக்குச் சொன்னேனே, வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம் என்று. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தக் கூடைக்காரியைக் காட்டி, “இவள் மட்டும்தான் மற்றதில் இல்லை” என்றார். ஆமாம், அவளை வேறு யாரும் யோசிக்கவில்லை என்றேன்.

நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மேலிடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வர இன்னும் ஒரு வாரம் எடுத்தது. வழக்கு இல்லாமல் விட்டார்கள். படத்தைத் திருப்பித் தரவில்லை.

அனுமதி இல்லாமல் அலுவலகப் பொருளை வெளியே எடுத்ததாக என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து கித்துல்கலவுக்கு அப்பால் ஓர் இறப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றம். ஆறாம், ஏழாம் ஆண்டு. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு றஹீமா ஒத்துக்கொண்டிருக்கிறா.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதே பாடத்தை மறுபடியும் கொடுக்கச் சொன்னால் அப்படியேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

ஆலோசகர் பதவிக்கு விண்ணப்பம் கோருவார்கள். போடுங்கள், சேர். உண்மையாகத்தான் சொல்கிறேன். நீங்கள் போடாவிட்டால், இனிமேல் பிள்ளைகளுக்குப் பென்சிலே கொடுக்காத ஒருவர் வந்துவிடுவார்.

கிருஷ்ணகுமாரி


றக்வான
16.03.2009

கிருஷ்ணகுமாரி டீச்சர்,

விண்ணப்பம் போட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நடுக்கதிரையில் இப்போது வேறொருவர். ஆண்டு எதுவும் சொல்லவில்லை, திருத்துவதற்கு.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பட்டம், சேவைக்காலம், பெறுபேறுகள். பணிப்பாளர் ஓரத்தில் இருந்தார். கடைசியாக அவர்தான் கேட்டார்.

“போன வருடம் நடந்ததைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன? முன்பிருந்த ஆலோசகரின் முறையில் பிழை இருந்ததுதானே?”

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டித் தந்தார். ‘ஆமாம், இருந்தது’ என்று சொன்னால் போதும். நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன், இதைவிடக் கேவலமாக. உங்கள்மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் குறையவில்லை. அந்தப் பதவியை நீங்கள் பெற்ற விதத்தை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அதை நினைவுபடுத்திக்கொண்டுதான் வாயைத் திறந்தேன்.

ஆனால் வந்தது வேறு. முறை சரி, படமும் சரி, அதைப் பார்த்தவர்கள்தான் பாடத்தைப் படிக்கவில்லை என்றேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. போகலாம் என்றார்கள்.

தெகியோவிற்றையிலிருந்து ஓர் இளைஞருக்குக் கொடுத்திருக்கிறார்கள். நல்லவராம். முதல் சுற்றுநிருபம் சென்ற வாரம் வந்தது. படங்கள், வரைபடங்கள் எதையும் பள்ளிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. எங்கள் வகுப்புக்குச் சுவர் இல்லை என்பதையும், இரவில் ஆடுகள் வந்து தாளைத் தின்றுவிடும் என்பதையும் அவருக்கு எழுதியிருக்கிறேன். புது ஆள், கடிதத்தில் பழகட்டும்.

மதுஷா சோதனை எழுதினாள். நான்தான் லயத்து வீட்டுக்குப் போய் அழைத்துவந்தேன். தங்கம்மா அனுப்ப மாட்டேன் என்றா. “படிச்சது போதும் சேர், ஒரு படம் வரைஞ்சதுக்கே வீடு இந்த நெலமயில இருக்கு” என்றா. அழகமுத்துதான் “போயிட்டு வரட்டும், விடு” என்று சொன்னார். வரலாற்று வினாத்தாளை முடித்துவிட்டு வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன். “எழுதுனேன் சேர்” என்றாள். எதை எழுதினாள், எதை விட்டாள் என்று கேட்கவில்லை. பெறுபேறு வரட்டும்.

சுஜன் கொழும்புக்குத் திரும்பவில்லை. கடைக்காரர் வேறு ஆள் எடுத்துவிட்டார். எடுக்காமல் இருந்தாலும் அவன் போயிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலைக்குப் போகிறான். இடது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. எப்படி என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மதுஷாவையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு திடீரென்று கேட்டான்.

“சேர், அந்தப் படத்துல உள்ள கதைய எனக்கு ஒரு தரம் சொல்லுங்க. எல்லாரும் என்கிட்ட கேட்டாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

சொன்னேன். கம்பனி, வரி, துறைமுகம், மூன்று கப்பல், தேயிலைப் பெட்டிகள். இந்தத் தடவை முழுவதையும் நானே சொன்னேன். உங்கள் முறைப்படி வாயை மூடிக்கொள்ளவில்லை. குறுக்கே பேசாமல் கேட்டான்.

“கடைசியில அவங்கள புடிச்சிட்டாங்களா சேர்?”

“இல்ல. ஒரே ஒருத்தனப் புடிச்சதா சொல்லுவாங்க. மத்த யாரையும் புடிக்க முடியல. முகத்துல எல்லாம் சாயம் பூசியிருந்தாங்க, யாரு எவருன்னு அடையாளம் தெரியல.”

அவன் சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“அங்கதான் சேர் நான் பிழ விட்டுட்டேன். கேட்டதும் ஐடென்டிகாட்ட எடுத்து நீட்டிட்டேன்.”

நானும் சிரித்தேன். மதுஷா சிரிக்கவில்லை. “அண்ணே, போவோம், இருட்டப் போவுது” என்று எழுந்துகொண்டாள். சந்தி வரை அவர்களோடு நடந்து போனேன். அங்கே சீருடையில் இரண்டு பேர் துவக்கோடு காவல் நின்றார்கள். சுஜன் அவர்கள் கேட்பதற்கு முன்னமே சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

கா. விஜேந்திரன்